எஞ்சின் ஆறும் நேரம்

லாரியின் அடியில் மல்லாந்து படுத்திருந்த அங்கமுத்துவுக்கு, அந்தக் கார் பட்டறைக்குள் திரும்பும்போதே எது என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது அது ஒரு முனகல் முனகும். நான்கு வருடம் தினமும் அந்த முனகலைக் கேட்டவன் அவன். கேட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

உடனே அவன் வெளியே வரவில்லை. கையிலிருந்த நட்டை முடுக்கி முடித்தான். முடித்த பிறகும் அப்படியே கிடந்தான். லாரியின் சக்கரங்களுக்கு நடுவே கறுப்பு லேண்ட்மாஸ்டர் காரின் முன் டயர்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. இளங்கால்கள். முதலாளியின் கால்கள் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் அவன் ஊர்ந்து வெளியே வந்தான்.

வந்திருந்தவன் மயில்சாமி. அங்கமுத்துவின் பழைய முதலாளி சிவசுப்பிரமணியத்தின் பனியன் கம்பெனியில் டிரைவர். இருபத்தைந்து வயதிருக்கும்.

“ஓடறப்ப ஒரு வில்லங்கமும் இல்லீங்ணா” என்றான். “கோயமுத்தூரு போயிட்டு வந்தாக்கூட கம்முனு வருது. டவுனுக்குள்ள வந்து ரயில்வே கேட்டுல நின்னாப் போதும், பத்து நிமிசத்துல பொங்கிருது. சோத்துப் பானையாட்டம்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமா. மூணு பட்டறை பாத்தாச்சுங்ணா. ஒருத்தரு பெல்ட்ட மாத்துனாரு. ஒருத்தரு ஓஸ மாத்துனாரு. இன்னொருத்தரு தெர்மாஸ்டேட்டையே கழட்டி வீசிட்டாரு. அது பாட்டுக்குப் பொங்கிட்டுதான் இருக்குது.”

“அப்பறம் ஏன் இங்க கொண்டாந்த?”

“வேற பட்டறை பாக்கி இல்லீங்ணா.”

அங்கமுத்துவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மயில்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டான். வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளியின் மூத்த மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. வீட்டில் புது அம்பாசிடர் நிற்கிறது. ஆனாலும் மாப்பிள்ளை இந்தக் கறுப்பு வண்டியில்தான் வர வேண்டும் என்று முதலாளி ஒரே பிடியாக நிற்கிறார். தறிக்காரராக இருந்தவர் கம்பெனிக்காரராக ஆனது இந்த வண்டி வந்த பிறகுதானாம். ராசியான வண்டி.

“பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் நாதசுரக்காரங்க பொறத்தால ஊர்ந்து போகோணும்ங்ணா. ஒண்ணரை மணி நேரம். வழியில பொங்குச்சுன்னா எனக்கு வேல இல்லைன்னுட்டாரு.”

“உன்ற மேல என்ன தப்பு?”

“தண்ணி பாக்காம ஓட்டறனாம்.”

அங்கமுத்து கையிலிருந்த ஸ்பானரைத் தகரப் பெட்டியின் மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். “வண்டிய உட்டுட்டுப் போ. மத்தியானமா வா” என்று மட்டும் சொன்னான்.

அறுபத்தொன்றாம் வருடம் தை மாதத்தில், இதே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் அந்த ரயில்வே கேட்டில் நின்றான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. பின் சீட்டில் முதலாளியின் மனைவி சாரதாமணியும் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரும். முன்னால் முதலாளி. கூட்ஸ் வண்டி வரத் தாமதமாகியது. பேட்டரி சரியில்லாததால் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று முதலாளிதான் சொன்னார். கால் மணி நேரத்தில் பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. பெண்கள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். எஞ்சின் இரண்டு முறை குலுங்கி, இறுகி நின்றது.

முதலாளி இறங்கினார். டிக்கியில் இருந்த தகர டப்பாவை எடுத்தார். அது நிறையத் தண்ணீர் இருந்தது. அங்கமுத்துவைக் கூப்பிட்டுக் குனியச் சொன்னார். எஞ்சினில் எதையோ காட்டப் போகிறார் என்று நினைத்து அவனும் குனிந்தான். டப்பாத் தண்ணீர் முழுவதும் அவன் உச்சந்தலையில் இறங்கியது.

“வண்டிக்கு ஊத்தாத தண்ணி. நீயே வச்சுக்க” என்றார்.

கேட்டின் இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் சிரித்தது. மாட்டுவண்டிக்காரர்கள் சிரித்தார்கள், சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள், ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு ‘நனைஞ்ச டிரைவர்’ என்று பேர். ஊரில் ஒருவரும் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. குன்னத்தூரில் அவனுக்கு வேலாத்தாள் என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் அன்று கேட்டின் மறுபக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். பத்தாம் நாள் வெற்றிலை பாக்கு திரும்பி வந்தது.

அன்று காலையில் அவன் ரேடியேட்டரைப் பார்த்திருந்தான். கழுத்து மட்டம் வரை நிறைத்திருந்தான். அதில் அவனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதுதான் பெரிய பாடாக இருந்தது. மறந்துவிட்டான் என்றால் தன்னையே திட்டிக்கொண்டு ஆறிப் போயிருப்பான். மறக்கவில்லை என்று தெரிந்தவனால் எதைக்கொண்டும் ஆற முடியவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு பட்டறையில் கிரீஸ் துடைக்கச் சேர்ந்ததே, அந்த வண்டி ஏன் பொங்கியது என்று தெரிந்துகொள்ளத்தான். தெரிந்துவிட்டால், பழியை எப்படித் தீர்ப்பது என்பதும் தானாக வந்துவிடும் என்று நம்பினான். அங்கேயும், பிறகு திருப்பூர் திரும்பி வைத்த இந்தச் சொந்தப் பட்டறையிலும், நின்றால் பொங்குகிற எத்தனையோ வண்டிகளைச் சரி செய்தான். ஒவ்வொன்றிலும் காரணத்தைக் கண்டுபிடித்ததும் ‘அன்னிக்கு இதுவா?’ என்று கேட்டுக்கொள்வான். ஒரு முறைகூட உள்ளுக்குள் ஆமென்று பதில் வரவில்லை.

இப்போது அந்த வண்டியே வந்து நிற்கிறது.

அவன் அவசரப்படவில்லை. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். சரியான இறுக்கம். விசிறி நேராக மாட்டியிருந்தது, இறக்கை ஒன்றும் வளையவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் பஞ்சுத் தூசி ஒட்டிக் கிடந்தது. திருப்பூரில் அது இல்லாத வண்டி இல்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தான். பிறகு எஞ்சினைக் கிளப்பி, ஓடவிட்டு, ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

ஐந்து நிமிடம் போனது. எழுந்து, உள்ளங்கையை ரேடியேட்டரின் முகத்தின் மேல் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். மேலே சுட்டது. இடது ஓரம் சுட்டது. நடுவில் வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு சாண் அகலத்துக்குச் சில்லென்று இருந்தது. மறுபடி மேலே போனான், மறுபடி கீழே வந்தான். பாதி ரேடியேட்டர் வேலை செய்கிறது. பாதி செத்துக் கிடக்கிறது. ஓடும்போது எதிர்காற்று அடித்து மிச்சப் பாதியே சமாளித்துவிடும். நின்றால் காற்றும் இல்லை, பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். அடைப்பு உள்ளே இருக்கிறது. மூன்று பட்டறைக்காரர்களும் வெளியிலேயே தேடியிருக்கிறார்கள்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கீழே இருந்த ரப்பர் ஓஸைக் கழற்றினான். வளைத்த கம்பியை உள்ளே விட்டுக் கிளறினான். கொழகொழவென்று ஒரு கட்டி அவன் கையில் விழுந்தது. வெள்ளையில் லேசாக நீலம் ஓடியிருந்தது. முகர்ந்து பார்த்தான். புளித்த வாடை. விரல்களுக்கு நடுவில் தேய்த்தான். வழுக்கியது, பிறகு ஒட்டியது.

பாவுக் கஞ்சி. தறியில் ஏற்றுவதற்கு முன் நூல் பாவுக்குப் போடுகிற கஞ்சி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அந்த நீலம்தான் அது.

மத்தியானம் மயில்சாமி வந்தபோது அங்கமுத்து அதே மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தான்.

“ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தறது ஆரு?”

“நாந்தானுங்ணா. தெனமும் ஊத்தறேன், சத்தியமா.”

“ஒழுகுனா?”

“அடியில லேசாக் கசியும்ங்க. சொன்னா முதலாளியே பாத்துக்குவாரு. பின்கட்டுல இன்னும் பழைய தறிக ஓடுதில்லீங்களா, அங்க இருந்து ஒரு சொம்பு கஞ்சி கொண்டாந்து அவரு கையாலயே ஊத்துவாரு. ரெண்டு நாள்ல கசிவு நின்னுரும். அவுங்கப்பாரு காலத்துல ஓட்டப் பானைக்கும் அதத்தான் பண்ணுவாங்களாம்.” மயில்சாமி நிறுத்தினான். “ஏனுங்ணா, அதனாலயா?”

அங்கமுத்து கஞ்சிக் கட்டியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினான். அறுபத்தொன்றில், அந்த நாளுக்கு முந்தின நாள், ரேடியேட்டர் அடியில் கசிகிறது என்று முதலாளியிடம் சொன்னது அவன்தான். ‘நீ போ, நான் பாத்துக்கறேன்’ என்று அவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடத்தில் அவன் ஒரு முறைகூட எடுத்துப் பார்த்ததில்லை. நல்ல வார்த்தையாக அல்லவா அது இருந்தது.

“வியாழக்கெழம காத்தால வந்து எடுத்துக்க. சரியா இருக்கும்” என்றான்.

மயில்சாமி போன பிறகு ஓஸைத் திரும்ப மாட்டினான். தண்ணீர் நிறைத்தான். மூடியைத் திருகினான். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே கொடுத்துவிட்டால் போதும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், நாதசுரக்காரர்களுக்குப் பின்னால், கடைவீதிக்கு நடுவில், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, ராசியான வண்டி பொங்கும். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓட வேண்டும். ஊரே பார்க்கும். அந்தக் காட்சியை அவன் வெகுநேரம் மனதில் ஓட்டினான். பலகாரத்தைப் பிட்டுப் பிட்டுத் தின்பதுபோல ஒவ்வொரு துண்டாக ருசித்தான்.

அந்தக் காட்சியில் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவன் மயில்சாமி. முதலாளி அவனைக் கூப்பிட்டார். குனியச் சொன்னார்.

அங்கமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. மயில்சாமி மேல் இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு வருடம் சேர்த்து வைத்தது போய் வேறு ஒருவன் தலையில் விழும், முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புது அம்பாசிடரில் ஏறிப் போய்விடுவார் என்ற எரிச்சல். இந்த அடி அவர் மேலேதான் விழ வேண்டும். வேறு எங்கே விழுந்தாலும் வீண்.

புதன்கிழமை காலையில் மயில்சாமிக்கு ஆள் அனுப்பினான். முதலாளி நேரில் வந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லச் சொன்னான்.

பத்து மணிக்குப் புது அம்பாசிடர் வந்து நின்றது. மயில்சாமி கதவைத் திறந்துவிட, சிவசுப்பிரமணியம் இறங்கினார். ஆள் பருத்திருந்தார். நெற்றியில் திருநீறு அப்படியேதான் இருந்தது. அவரோடு அருள்புரம் சென்னியப்பனும் இறங்கினார். மணப்பெண்ணின் அப்பா. அவரும் தறிக் குடும்பத்துக்காரர்தான். வாய் ஓயாத மனிதர்.

“அங்கமுத்துவா?” என்றார் முதலாளி. “பட்டறை வச்சிருக்கறதாக் கேள்விப்பட்டேன். நல்லாயிருக்கியா?”

அதை அவர் வெகு சாதாரணமாகக் கேட்டார். நேற்று பார்த்துப் பிரிந்தவனிடம் கேட்பதுபோல.

“இருக்கறேனுங்க. வண்டிக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சுபோச்சு. வாயில சொன்னா நம்ப மாட்டீங்க. கேட்டு வரைக்கும் போயி நின்னாத்தான் காட்ட முடியும். நீங்களே ஓட்டோணும்.”

“நான் எதுக்கு? மயில்சாமி ஓட்டட்டும்.”

“அவன் ஓட்டுனா அவன் தப்புன்னு ஆயிரும்ங்க.”

சென்னியப்பன் அதற்குச் சிரித்தார். “ஓட்டுங்க சம்பந்தி. நாளைக்கு மாப்பிள்ள ஏறப்போற வண்டி. நானும் இன்னிக்கே ஒருக்கா ஏறிப் பாத்துக்கறேன்.”

முதலாளி ஓட்டினார். பக்கத்தில் சென்னியப்பன். பின் சீட்டில் அங்கமுத்துவும் மயில்சாமியும். ஓடும்போது வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. கேட்டை நெருங்கும்போதே மணியடித்து, கம்பம் இறங்கியது. முன்னால் இரண்டு பஞ்சு வண்டிகள். பக்கத்தில் பனியன் மூட்டைகளை மலைபோல் கட்டிய சைக்கிள்கள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஒட்டி நின்றது.

“அணைச்சிரட்டுமா?” என்றார் முதலாளி.

“வேண்டாங்க. ஓடட்டும்.”

சென்னியப்பன் பந்தி விஷயம் பேசிக்கொண்டிருந்தார். சமையல்காரன் ஆயிரம் இலைக்கு எண்ணூறு இலைச் சாப்பாடுதான் ஆக்குகிறான் என்று குறைப்பட்டார். யாரும் பதில் பேசாததால் அவரும் மெல்லப் பேச்சை விட்டார். எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. அங்கமுத்து முதலாளியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவுடர் பூசிய பிடரி. முதலில் பவுடர் ஈரமானது, பிறகு கோடு கோடாகக் கரைந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. அந்த மௌனம் அவனுக்குப் பிடித்திருந்தது. அது எவ்வளவு நீண்டாலும் அவனால் உட்கார முடியும். பன்னிரண்டு வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தான்.

முதலில் வாடை வந்தது. சூடான பெயிண்டும் புளிப்பும் கலந்த வாடை. பிறகு மூடி விசிலடித்தது. பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

“இப்ப அணைங்க” என்றான் அங்கமுத்து.

அவன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். சைக்கிள்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “மொதலாளி, இதுல கை வைங்க. இந்த எடத்துல” என்று ரேடியேட்டரின் நடுவைக் காட்டினான். முதலாளி கையை நீட்டவில்லை. சென்னியப்பன் முந்திக்கொண்டு விரலால் தொட்டார். எடுக்கவில்லை. முழுக் கையையும் வைத்தார்.

“அட, சில்லுனு இருக்குதுங்க சம்பந்தி. அந்தப் பக்கம் சுட்டுப் பொசுக்குது, இங்க சில்லுனு இருக்குது.”

அங்கமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து அவரிடம் நீட்டினான். “இதுக்கு உள்ளார இருந்து எடுத்ததுங்க.”

சென்னியப்பன் கட்டியை எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். அவர் முகம் மாறி, மெல்ல மலர்ந்தது. “இது பாவுக் கஞ்சியில்ல? துத்தம் போட்டிருக்குது. எங்கூட்டுல இத்தன துத்தம் போட மாட்டம்ங்க.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காருக்கே பாவு போட்டிருக்கீங்க சம்பந்தி. இனி தறியில ஏத்தறதுதான் பாக்கி.”

முதலாளியின் முகம் கறுத்தது. அவர் அங்கமுத்துவைப் பார்க்கவில்லை. மயில்சாமி பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, கஞ்சிய எதுக்குடா ஊத்துன?”

மயில்சாமி தரையைப் பார்த்தான். “தப்புத்தானுங்க மொதலாளி. கசியுதேன்னு ஊத்திப்புட்டனுங்க.”

அங்கமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான், இதை யோசிக்கவில்லை. மயில்சாமியைப் பார்த்தான். பயந்த முகம்தான். ஆனால் உறுதியான முகம். ஒப்புக்கொண்டால் திட்டோடு போகும், மறுத்தால் வேலை போகும் என்று கணக்குத் தெரிந்த முகம்.

ரயில் வந்தது. அது கடந்து போகும்வரை யாரும் பேச முடியவில்லை. கடைசிப் பெட்டி போனதும் அங்கமுத்து கேட்டான்:

“அறுபத்தொண்ணுல ஊத்துனது ஆருங்க மொதலாளி? அப்ப இவனுக்குப் பதிமூணு வயசு.”

கம்பம் மேலே ஏறியது. பஞ்சு வண்டிகள் நகர்ந்தன. டவுன் பஸ் ஆரன் அடித்தது. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போயின. கறுப்பு வண்டி நடுரோட்டில் நின்றது.

“தண்ணிய ஊத்து. போகலாம். அங்க போயிப் பேசிக்கலாம்” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஊத்தக் கூடாதுங்க. கொதிக்கற எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனா வெடிச்சுப் பிளந்துரும். அப்பறம் நாளைக்கு ஊர்வலம் இல்ல. ஆறோணும். அரை மணி நேரம் ஆகும்.” அங்கமுத்து பானெட்டின் மேல் சாய்ந்து நின்றான். “சொல்றதுக்கு நேரம் இருக்குதுங்க.”

“அறுபத்தொண்ணுல என்ன?” என்றார் சென்னியப்பன்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க, காரா இல்ல அடுப்பா?” என்று கேட்டுவிட்டு, வளைத்துத் திருப்பிக்கொண்டு போனார். சிலர் சிரித்தார்கள். ஒரு ஜட்கா நின்று வேடிக்கை பார்த்தது. முதலாளி நினைத்திருந்தால் அதில் ஏறிப் போயிருக்கலாம். சம்பந்தியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. ராசியான வண்டியையும் விட்டுவிட்டுப் போக முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே என்று உட்கார்ந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது. எஞ்சின் சூடு இறங்கும்போது வரும் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டது.

இருபது நிமிடம் கழித்து முதலாளி பேசினார். சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னார்.

“இவன் எங்கிட்ட டிரைவரா இருந்தான். இதே எடத்துல வண்டி பொங்கிருச்சு. இவன் தண்ணி பாக்கலைன்னு நெனச்சு, ஊர் பாக்க இவன் தலையில ஒரு டப்பா தண்ணிய ஊத்திட்டேன். கஞ்சி ஊத்துனது நாந்தான். அன்னிக்கு ரெண்டு சொம்பு ஊத்திட்டேன். அதுக்கப்பறம் எப்பவும் ஒரு சொம்புதான்.”

“அது தெரியாமப் பண்ணுனது” என்றார் சென்னியப்பன், சமாதானமாக.

“எப்பத் தெரிஞ்சுதுங்க?” என்று அங்கமுத்து கேட்டான்.

முதலாளி முகத்தைத் துடைத்தார். “ஒரு வாரத்துல. கோயமுத்தூர்ல எஞ்சினப் பிரிச்சவங்க சொன்னாங்க.”

ஒரு வாரம். வெற்றிலை பாக்கு திரும்பி வந்தது பத்தாம் நாள். நடுவில் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளில் ஒரு வார்த்தை குன்னத்தூருக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கும். அங்கமுத்து பானெட்டின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டான். சுற்றிலும் நின்றவர்களில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. எல்லாம் புது முகங்கள், கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள். ‘நனைஞ்ச டிரைவர்’ என்று ஒருவன் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டிய காதுகள் இங்கே இல்லை.

சென்னியப்பன் இப்போது சிரிக்கவில்லை. சம்பந்தியைப் புதிதாகப் பார்ப்பவர்போல ஒரு பார்வை பார்த்தார்.

“சொல்லியாச்சு” என்றார் முதலாளி. “சரி பண்ணிக் குடு. இன்னும் என்ன வேணும்?”

“நாளைக்கு ஊர்வலத்துல வண்டிய நான் ஓட்டோணும்ங்க.”

“மயில்சாமி இருக்கறானே.”

“நான் ஓட்டோணும். நீங்க முன்னால நடந்து வரோணும்.”

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் சென்னியப்பன், “ஓட்டட்டும்ங்க சம்பந்தி. ஞாயம்தானே” என்றார். பெண் வீட்டுக்காரர் அப்படிச் சொன்ன பிறகு அங்கே பேச ஒன்றும் இல்லை.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் அங்கமுத்து ரேடியேட்டரை இறக்கினான். மயில்சாமி ஒரு கை பிடித்தான். மேல் தொட்டியைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தார்கள். கசிந்த இடத்தில் ஈயம் வைத்தான் அங்கமுத்து. வேலை முடிந்தது. கையைத் துடைக்கும்போது மயில்சாமி சொன்னான்:

“நான் ஆமான்னு சொன்னதோட அது முடிஞ்சிருக்கும்ங்ணா. இப்ப நான் கூட இருந்து எல்லாத்தையும் கேட்டவனாயிட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் என்னைய நிறுத்திருவாரு. உங்க பழிக்கு என்ற பொழப்பு போச்சு.”

“இங்க வந்து வேல செய்.”

“உங்ககிட்டயா?” என்றான் மயில்சாமி. துணியை வீசிவிட்டு நடந்து போனான்.

அங்கமுத்து அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒன்று உறுத்தியது. அது வெகுநேரம் நெஞ்சில் இருக்க அவன் விடவில்லை.

வியாழக்கிழமை காலையில் எஞ்சினைக் கிளப்பி, முக்கால் மணி நேரம் நின்ற நிலையிலேயே ஓடவிட்டான். ரேடியேட்டர் முகம் முழுக்க ஒரே சூடு. மூடி சத்தம் போடவில்லை. இனி அந்த வண்டியை நாள் முழுக்க நிறுத்தி ஓடவிட்டாலும் பொங்காது.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதசுரமும் தவிலும். அதற்குப் பின்னால் பட்டு வேட்டியில் சிவசுப்பிரமணியம், கைகூப்பியபடி. பிறகு உறவுக்காரர்கள். பிறகு மல்லிகைச் சரத்தில் மூழ்கிய கறுப்பு வண்டி, பின் சீட்டில் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் வெளுத்த சட்டையோடு அங்கமுத்து.

இந்தக் கூட்டத்தில் பழைய ஆட்கள் இருந்தார்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஒருவர் முதலாளியிடம் கேட்டுவிட்டார். “ஏனுங்க, ஓட்டறது அந்த அங்கமுத்து மாதிரி இருக்குது?”

“அவனேதான்” என்றார் முதலாளி.

“அன்னிக்கு நீங்க கேட்டுல…”

பக்கத்தில் சென்னியப்பன் நடந்துகொண்டிருந்தார். அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. “அன்னிக்குத் தப்புப் பண்ணுனது நாந்தானுங்க” என்றார் முதலாளி.

ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டு முன்னாலும் ஊர்வலம் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஆரத்தி முடிந்த பிறகும் அங்கமுத்து வண்டியை எடுக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்தினான். ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒருவர் கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் முதலாளி அதே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, பின்னால் திரும்பிப் பானெட்டைப் பார்ப்பார். ஆவி தெரிகிறதா என்று பார்ப்பார். நாலடி நடந்துவிட்டு மறுபடி திரும்புவார்.

அவர் வாயால் சொல்வதைவிட அந்தத் திரும்பிப் பார்ப்பதுதான் அங்கமுத்துவுக்கு இனித்தது. வண்டியைச் சரி செய்தானா, செய்யாமல் கொண்டுவந்தானா என்று அவருக்குத் தெரியாது. அதை அறிந்தவன் ஊரில் ஒருவன்தான்.

கடைவீதி நடுவில், கூட்டம் நெருக்கியடிக்க, ஊர்வலம் மறுபடி நின்றது. தவில்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டார். முதலாளியால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியின் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். முகமெல்லாம் வியர்வை.

“அங்கமுத்து, பொங்காதில்ல?”

அங்கமுத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை போதும், அவர் நிம்மதியாக நிமிர்ந்துவிடுவார்.

“ஏப்பா, உன்னத்தான் கேக்கறேன். பொங்காதில்ல?”

தவில் நின்றது. முன்னால் வழி விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பின்னாலிருந்து, “போலாங்க” என்றான். குனிந்த முதுகோடு முதலாளி இன்னும் ஜன்னலில் காத்திருந்தார். அங்கமுத்து ஒன்றும் சொல்லவில்லை. கியரையும் போடவில்லை.